ஜிப்பக்காவின் வெப்சைட்

ஜிப்பக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். இருபது வருடமாகப் பை ரிப்பேர் செய்கிறாள். பல் போன ஜிப், கழன்ற சூட்கேஸ் சக்கரம், பிய்ந்த பள்ளிக்கூடப் பை, எது வந்தாலும் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இப்படி அடைச்சது? பையா, குப்பைத்தொட்டியா?" என்று நாலு திட்டுத் திட்டிய பிறகுதான் ஊசியை எடுப்பாள். அதற்கென்றே வருகிறவர்களும் உண்டு.

கூட வேலை பார்த்தவள் நாத்தனார், கணவரின் தங்கை. கனத்த தோலைத் தைக்கும் பெரிய மெஷின் அவள் கைக்கு மட்டும்தான் படியும். ஜிப்பக்கா உட்கார்ந்தால் பத்துத் தையலுக்கு ஒரு தடவை நூல் அறுந்துவிடும்.

இந்த வருடம் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நாலு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கிடைத்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடை யார் கண்ணில் படும்? பழைய ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து வர வேண்டுமே என்று ஒரு வெப்சைட் போட முடிவு செய்தாள். அதுவும் யார் உதவியும் இல்லாமல். போனில் ஓர் இலவசத் தளத்தில் கணக்குத் திறந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்த தலை நிமிராமல், புதுக் கடைக்கு வழி, திறக்கும் நேரம், ரிப்பேருக்கு முன்னும் பின்னும் எடுத்த பைகளின் படம் என்று எல்லாவற்றையும் ஏற்றினாள். லிங்க் என்கிறார்களே, தொட்டால் நேரே பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் முகவரி, அதைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பினாள்.

"கலர் அருமை" என்று கணவர் வேலையிடத்திலிருந்து பதில் போட்டார். தம்பி நாலு கைதட்டல் அனுப்பினான். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்று சித்தி எழுதினாள். நாத்தனார் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலை அண்ணி. லாகின் பண்ணு, பாஸ்வேர்டு போடுன்னு கேக்குது" என்றாள்.

ஜிப்பக்கா தன் போனைத் திறந்தாள். பக்கம் பளிச்சென்று வந்தது.

"ஊரே பார்த்தாச்சு, உனக்கு மட்டும் வரலையா? நான் எதைச் செஞ்சாலும் ஒரு நொட்டை சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வராதே!"

"நான் எதுக்கு அண்ணி பொய் சொல்லணும்?"

பேச்சு தடித்தது. "அப்படின்னா நீ இங்க இருக்கவே வேணாம்" என்று ஜிப்பக்கா வாய் தவறிச் சொன்னாள். நாத்தனார் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனவள்தான். ஒரே வாரத்தில் வேறொரு தையல் கூடத்தில் சேர்ந்துவிட்டாள்.

பத்து நாள் போனது, இருபது நாள் போனது. ஒரு பைகூட வரவில்லை. இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்று கணவரிடம் சொன்னாள். "இத்தனை வருஷம் தைச்சுக் கொடுத்தேனே, ஒருத்தருக்குக்கூட என் நினைப்பு வரலையே?"

"அந்த வெப்சைட்டை எப்படிப் பத்துப் பேர் பார்க்க வைக்கிறதுன்னு யாரையாவது கேளேன்" என்றார் அவர். சனிக்கிழமை காலையில் நூலகத்தில் இன்டர்நெட் அரிச்சுவடி வகுப்பு நடந்தது. அரிச்சுவடியா, எனக்கா என்று முறைத்துக்கொண்டே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நூலகர் நிதானமான மனிதர். "உங்க வெப்சைட் உங்க போனுக்குள்ள இல்லை. எங்கேயோ அணைக்காம ஓடிட்டிருக்கிற ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுதான் சர்வர். நீங்க முகவரியைத் தட்டினா, பிரவுசர்ங்கற புரோகிராம் அந்த சர்வர்கிட்ட கேட்டுப் பக்கத்தை வாங்கிட்டு வந்து காட்டும்."

"அதெல்லாம் தெரியும், மேல சொல்லுங்க" என்றாள் ஜிப்பக்கா.

"சொல்றேம்மா. கேக்கிறது யாருன்னு பார்த்துத்தான் சர்வர் கொடுக்கும். நீங்க லாகின் பண்ணியிருந்தா, சொந்தக்காரங்கன்னு அதுக்குத் தெரியும். எழுதி முடிக்காத டிராஃப்டைக்கூட உங்களுக்குக் காட்டும். மத்தவங்களுக்குக் காட்டாது. சேவ் பண்ணினா மட்டும் பத்தாது. பப்ளிஷ்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, அதை அமுக்கினாத்தான் ஊருக்குத் தெரியும்."

சேவ் பட்டனை ஜிப்பக்கா நூறு தடவை அமுக்கியிருப்பாள். மற்றதை அவள் பார்த்ததாகவே நினைவில்லை. எதிரே இருந்த நூலகத்துக் கம்ப்யூட்டரில் தன் வெப்சைட்டின் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். வெள்ளைத் திரை வந்தது. நடுவில் ஒரு கட்டம், பாஸ்வேர்டு கேட்டது.

முதலில் வந்தது சிரிப்புதான். கலர் அருமையாமே, இந்த மனுஷன் எந்தக் கலரைப் பார்த்தார்? சித்தி எதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்? அப்புறம் சிரிப்பு நின்றது. உள்ளதைச் சொன்னவள் ஒருத்திதான், அவளைத்தான் விரட்டியிருக்கிறாள்.

போனில் அந்தப் பட்டனைத் தேடி அமுக்கினாள். நூலகர் திரையைப் புதுப்பித்ததும் பைகளெல்லாம் வரிசையாக வந்தன. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "அடடே, இந்தக் கடை எங்க இருக்கு?" என்றார்.

"அதுலயே போட்டிருக்கு, படிங்க!" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடி நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள்.

"நீ சொன்னதுதான் நிஜம். யாருக்குமே வரலை. நான்தான் பப்ளிஷ் பண்ணாம விட்டிருக்கேன். கண்ணு மண்ணு தெரியாம உன்னைப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே."

மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது. "இருங்க அண்ணி" என்றாள். போனில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு அண்ணி! இப்ப வருது!"

"அந்த லிங்க்கை இன்னுமா வச்சிருக்கே?"

"தினமும் காலைல ஒரு தடவை திறந்து பார்ப்பேன். இன்னைக்குக்கூட பாஸ்வேர்டுதான் கேட்டுச்சு. கடை இருக்கிற இடம் யாருக்கும் தெரியாமப் போயிடுமேன்னு மனசு அடிச்சுக்கும். சொல்லலாம்னா, மறுபடியும் நொட்டை சொல்றேன்னு நினைப்பீங்களோன்னு பயமா இருந்தது."

ஜிப்பக்கா நூலகத்துப் படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதாள்.