சித்தி தள்ளி உட்கார்ந்த நாட்கள்

சித்தப்பாவின் முதல் மனைவியான என் சித்தி எங்கள் வீட்டில் இரண்டு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அவள் வந்தது எழுபத்து மூன்றிலா நான்கிலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன் என்பதிலும், தோட்டத்தில் திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து நடந்துகொண்டிருந்தது என்பதிலும் சந்தேகமில்லை.

அனுமந்தன்பட்டியில் எங்கள் வீடு பெரிய வீடு. ஆனால் கக்கூஸ் கிடையாது. ஊரில் அநேகமாக எல்லா வீடும் அப்படித்தான். பெண்கள் விடியுமுன் ஒரு தடவையும் பொழுது சாய்ந்தபின் ஒரு தடவையும் சேர்ந்து ஓடைப்பக்கம் போவார்கள். வீட்டுக்கு மூத்த மருமகளான பெரியம்மா முன்னால் நடப்பாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் பேசி முடியும். சித்தியோ தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில், கொல்லையில் கதவு வைத்த கக்கூஸ் இருந்த வீட்டில் பிறந்தவள். வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டே காரியத்தை முடிக்கும் பழக்கம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. ஒரு புதருக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"அல்லிநகரத்து மகாராணிக்கு ஓடையும் அரமணையா இருக்கணுமாக்கும்!" என்பாள் பெரியம்மா. "ஏத்தா, அங்கன ஒன்னைய யாரு பாக்கப் போறா? அவளவளுக்கு அவளவ சோலி."

எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரித்துவைப்பாள். பகலில் அவசரம் வந்துவிடக் கூடாதே என்று சோற்றைக் குறைத்தாள்; தண்ணீரையும் குறைத்தாள். "வெயில்ல வேல பாத்துட்டு வர்ற, ஒரு செம்பு தண்ணி குடிச்சா என்னடி?" என்று அம்மா கேட்டால், "தாகமில்லக்கா" என்பாள்.

ஒருநாள் உளுந்து ஆட்டிவிட்டு எழுந்தபோது அவள் சேலையின் பின்புறம் கறை இருந்தது. பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? வீடெல்லாம் தீட்டாக்கிட்டு நிக்கிறவ! போ, தள்ளி உக்காரு."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முற்றத்தில் பெரியப்பாவும் சித்தப்பாவும் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அதற்கென்று வைத்திருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டத்தை ஒட்டிய சாய்ப்புக்குப் போனாள்.

எனக்கு அந்த நாட்கள் கொண்டாட்டம். வேலையில்லாத சித்தி, தேனியில் தான் பார்த்த சினிமாக்களைக் காட்சி காட்சியாகச் சொல்வாள். நான் தொடாத தூரத்தில் உட்கார்ந்து கேட்பேன். அந்த நாட்கள் மாதத்தில் இரண்டு தடவையும் சில மாதம் அதற்கு மேலும் வரத் தொடங்கியபோது எனக்கு இன்னும் சந்தோஷம். "எங்க சித்திக்கு அடிக்கடி லீவு" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மாவைக் கொடுமைக்காரி என்று எழுத எனக்கு மனமில்லை. அவளுக்கு உண்மையாகவே கவலை. "மாசத்துல பாதிநா இப்பிடின்னா கர்ப்பப்பையில என்னமோ கோளாறு. இவ வயித்துல பிள்ள எப்பிடித் தங்கும்?" என்று அம்மாவிடம் புலம்பினாள். கடைசியில் சித்தியின் அண்ணனுக்கு ஆள் போயிற்று.

அவர் வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். "டாக்டர்ட்ட காட்டிட்டுக் கொண்டாந்து விடுறேன்க்கா."

"நல்லாகட்டும் தம்பி. பெறகு பாத்துக்கிருவோம்" என்றாள் பெரியம்மா.

சித்தப்பா பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்பிடிச் சொல்றீகளோ அப்பிடித்தான் மதினி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, என் மூத்த மகள் வயிற்றில் இருந்தபோது, உட்கார முடியாமல் வலித்து, மலத்தோடு ரத்தமும் போனது கண்டு பயந்து ஒரு லேடி டாக்டரிடம் போனேன். மூலம் என்றார். கர்ப்பத்தில் பலருக்கும் வருவதுதானாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கீரையும் பழமும் தினமும் வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, முக்கக் கூடாது, அகலமான பாத்திரத்தில் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு உட்கார்ந்தால் வலி தணியும் என்றார். "ரத்தம் எதுனால போகுதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, வந்து காட்டணும்" என்று அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஒஞ் சித்திக்கும் இதுதாண்டி. அங்கன போயிக் கொஞ்ச நாள்லயே கொணமாகிருச்சாம். சொல்லிவிட்டாக. அதுக்குள்ள ஒஞ் சித்தப்பனுக்குத் தேவதானப்பட்டியில பொண்ணு பேசி வெத்தல பாக்கு மாத்தியாச்சு."

"இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"எதச் சொல்லுவா? யாருகிட்டச் சொல்லுவா? மாசத் தீட்டுன்னா எல்லாருக்கும் உள்ளது. இத எப்பிடிச் சொல்ல?" அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நானாச்சும் கேட்டிருக்கணும்."

சித்தி போன அன்று பஸ் நிறுத்தம் வரை அம்மாவோடு நானும் போனேன். தேனி பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவள் அண்ணன் ஜன்னலோர இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். சித்தி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பியபோதும் நின்றுகொண்டுதான் இருந்தாள். என்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போவதற்காக நிற்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ் வளைவில் மறையும்வரை கையாட்டிக்கொண்டிருந்தேன்.