காதை அடைத்தால் தறி கேட்குமா?

யார் கூப்பிட்டாலும் முத்தாயம்மாள் முதலில் அவர்கள் உதட்டைத்தான் பார்ப்பார். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற பலருக்கும் உள்ள பழக்கம். இத்தனை வருஷத்தில் யாரும் அதை நோய் என்று நினைத்ததில்லை.

பிரஷர் மாத்திரை வாங்கப் போன அன்று, டாக்டர் மைதிலி கை கழுவியபடியே, "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. டாக்டர் திரும்பிப் பார்த்தார். அன்றே காதுக்குச் சோதனை நடந்தது.

"கேக்கறதுல போனது போனதுதாங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். வேலை நேரம் பூரா காதுல அடைப்பான் போடலாம், இல்ல சத்தமில்லாத வேலைக்கு மாறலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

முத்தாயம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏனுங் டாக்டரம்மா வாரேன்?"

"காதைப் பத்தி நான் சொல்லிட்டேன். தறியைப் பத்தி நீங்கதான சொல்லணும்?"

எந்த டாக்டரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. மளமளவென்று கொட்டினார். ஓட்டுவது நாலு தறி. ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றதில் எது நின்றது என்று காதுதான் சொல்லும். அடைத்துக்கொண்டு கோட்டை விட்டால் முதலாளி ரெண்டு தறியைப் பிடுங்கிக்கொள்வார். பாதிக் கூலியில் வீடு ஓடாது.

"அப்ப சோதிச்சே பாத்துருவோமா?" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை ரெண்டு வித அடைப்பானோடு பட்டறைக்கே வந்துவிட்டார். முத்தாயம்மாள் தறிகளுக்கு முதுகு காட்டி நின்றார். பக்கத்துத் தறி வேல்முருகன் நாலில் ஒன்றை நிறுத்த வேண்டும். எது நின்றது என்று அவர் சொல்ல வேண்டும். முதலில் காதை நிறைக்கும் மெத்தென்ற அடைப்பான். ரெண்டாவது தறி என்று கை காட்டினார். நின்றது நாலாவது. அடுத்ததும் தப்பு.

வேல்முருகன் முன்னால் ஓடிவந்து கத்தினான்: "தறி நல்லாத்தான் ஓடுது, அக்காதான் நின்னு போச்சு!" பட்டறையே சிரித்தது.

டாக்டர் சாக்குச் சொல்லவில்லை. "நீங்க பயந்தது சரிதாங்க. இது உங்களுக்கு ஆகாது." துளை வைத்த ரப்பர் அடைப்பானை எடுத்துக் கொடுத்தார். அது சத்தத்தைக் கொஞ்சம் குறைவாகத்தான் தடுக்கும். வெறும் காதுக்கு எவ்வளவோ மேல்.

மாட்டியதும் முத்தாயம்மாள் மறுபடி தறிகளுக்கு முதுகு காட்டி நின்றார். இரைச்சல் எங்கோ தள்ளிப் போனது. அதற்குள்ளே ஒரு தறியின் அடி மட்டும் விழவில்லை.

"மூணாவது!" சரி.

"ஒண்ணாவது!" சரி.

"டேய் வேலா, இப்ப ஒண்ணையுமே நிறுத்தலடா நீ!" அதுவும் சரி. நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். விசில் பறந்தது.

"இதையே போட்டுக்கறேனுங்க. வருசா வருசம் டெஸ்டுக்கும் வாரேன். உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?"

டாக்டர் வேல்முருகனைக் காட்டினார். "சின்ன வயசு. அவர் காதுல காப்பாத்த இன்னும் நிறைய இருக்கு. டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க, அது போதும்."

"கூட்டியாறேன். என் கடன்!"

இப்போதெல்லாம் முத்தாயம்மாள் அடைப்பான் இல்லாமல் தறியைத் தொடுவதில்லை. வேல்முருகனைத்தான் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் வண்டி பஞ்சர், ஒருநாள் மாமன் வீட்டுக் கல்யாணம். போன வாரம் டவுன் பஸ்ஸில் ஏற்றி உட்காரவே வைத்துவிட்டார். டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் பின்படி வழியாக இறங்கி ஓடிவிட்டான்.