மேட்டில் இறங்கியவர்

கன்னியப்பன் காலமான செய்தி காலை ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரத்தில் நான் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசுக்கு வந்தது. "ரைட்டரே, நம்ம கன்னியப்பண்ணன் போயிட்டாரு" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு ஓர் ஆள் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினான். தங்கச் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரமுட்டு வைக்கும் வேலை பார்த்தவர் கன்னியப்பன். அவர் பெருமை இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். என்னை உறுத்துவதை மட்டும் சொல்கிறேன்.

பங்காருபேட்டையிலிருந்து ரயில் வரத் தொடங்கிய பிறகு, வட ஆற்காட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து ஷாஃப்டுக்கு தண்டவாளத்தில் மாடு இழுத்து ஓடிய டிராமிலோ ஒரே பெட்டி. இடம் கிடைக்காதவர்கள் பின்னாலேயே ஓடவேண்டும். சங்கு ஊதிய பிறகு போனால் அன்றைக்கு வேலை கிடையாது. கல் பொறுக்கும் பெண்கள்தான் அதிகம் திரும்பிப் போனார்கள்.

"இன்னொரு பெட்டி கோத்தா மாடு மேடு ஏறாது" என்று டிராம் கான்டிராக்டர் கையை விரித்தார். கன்னியப்பன் விடவில்லை. "மேடு வந்தா ஆம்பளைங்க எறங்கித் தள்றோம். நீங்க பெட்டியக் கோத்துடுங்க. எல்லாருக்கும் சேத்து நான் வாக்குக் குடுக்கறேன்" என்றார். "ஆமா, ஆமா" என்று பின்னால் நின்று கத்தினோம். என் குரல்தான் உரக்கக் கேட்டது.

பெட்டி வந்தது. கொஞ்ச நாள் ஒரே கும்மாளம். மேடு வந்தால் குதித்து இறங்கித் தள்ளினோம். பிறகு ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு அலுப்பு, எனக்கு வெள்ளை வேட்டி. இத்தனை பேர் தள்ளும்போது நான் ஒருவன் எதற்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கன்னியப்பன் ஒருவர்தான் இருமிக்கொண்டே தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, நீங்க மட்டுமா?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"சின்ன மேடுதானே, நீங்க குந்துங்க ரைட்டரே" என்றார். நானும் நன்றாகவே குந்தினேன். நினைத்தால் கூசுகிறது.

நெஞ்சுச் சளி முற்றி அவர் படுக்கையில் விழுந்தார். தள்ள ஆளில்லை, கான்டிராக்டர் பெட்டியைக் கழற்றிவிட்டார். கம்பெனி லைன் வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனபோது, "இப்ப மேட்டுல யாரு தள்றாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

"எல்லாரும்தான். போட்டி போட்டுக்கினு எறங்கறோம்ணே."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, நம்ம ஜனங்க சொன்னா செய்வாங்க" என்றார். அவர் மனைவி முனியம்மாள் பக்கத்தில் நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நோயாளியிடம் வேறு என்னத்தைச் சொல்வது என்று வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்ததும் முனியம்மாள் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னதையே கடைசி வரைக்கும் பேசிக்கினு இருந்தாரு ரைட்டரய்யா. நானும் கல்லு பொறுக்கத்தான் போறேன். தெனம் டிராமு பின்னால ஓடித்தான் போறேன். அத அவராண்ட சொல்லல" என்றார்.

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கன்னியப்பனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது எனக்கும் சேர்த்து அவர் கொடுத்த அந்த வாக்குதான். நாளை கான்டிராக்டரிடம் போய் அதைத் திரும்பச் சொல்லப் போகிறேன். இந்த முறை "ஆமா" என்று கத்த யாரும் வர வேண்டாம், மேட்டுக்கு வாருங்கள்.