வாயில் பாக்கை வைத்து ஆடிய ஆட்டம்

கல்யாண வீட்டு வாசலில் தாம்பாளத்தில் சந்தனம், கல்கண்டு, வெற்றிலையோடு கொட்டைப்பாக்கும் குவித்து வைத்திருப்பார்கள். மற்றவர்கள் கல்கண்டை எடுப்பார்கள். என் கை மட்டும் பாக்குக்குப் போகும். முழுப் பாக்கு ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டேன் என்றால் அப்புறம் யார் எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். "கல்யாண வூட்டுக்கு வந்தா மட்டும் இவருக்கு வாய் பூட்டிக்கும்" என்று என் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். காரணம் அவளுக்குத் தெரியும். அந்த உருண்டை கன்னத்துக்குள் போனதுமே எனக்குக் கால் பரபரக்கத் தொடங்கிவிடும். கூடவே கேப்டன் ஞாபகமும் வந்துவிடும்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. நகரியில் தறி நெய்கிற இளவட்டங்கள் சேர்ந்து வைத்திருந்த கால்பந்து டீமுக்குக் கேப்டன். நாங்கள் லுங்கி நெய்கிறவர்கள். டீமுக்குச் சட்டை வேண்டுமென்றபோது மிஞ்சிய லுங்கித் துணியிலேயே தைத்துக்கொண்டோம். கட்டம் போட்ட சட்டையும் வெறுங்காலுமாக நாங்கள் இறங்கினால் வெளியூரில் 'லுங்கி டீம் வந்துடுச்சிரா' என்று கூவுவார்கள். எங்களுக்குள் நெசவுக்காரர் அல்லாத ஒரே ஆள் கேப்டன்தான். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வைக்கிற குடும்பம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். தண்ணீர் கட்டிவிட்டு, சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆட வந்துவிடுவார். நடுவில் நின்று ஆடுகிற சென்டர் ஹாஃப். அவர் காலைவிட அவர் தொண்டைக்குத்தான் பேர் அதிகம். மூன்று கழனிக்கு அப்பால் இருக்கிற ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. மைதானத்தில் யார் எங்கே போக வேண்டும், பந்து யாருக்கு வரப்போகிறது என்று ஒன்று விடாமல் கத்திக்கொண்டே ஆடுவார். "லெஃப்ட்ல குடுக்கறேன், ஓட்றா!" என்று குரல் வந்தால், இடது ஓரத்தில் ஆடுகிற லெஃப்ட் அவுட்டான நான் தலைநிமிராமல் ஓடுவேன். பந்து வந்து காலில் விழும்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஓடி, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்ற சண்டையும் ஒருவழியாக ஓய்ந்திருந்த காலம். திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கமெல்லாம் மதராஸோடு போகிறது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நிற்கிறது என்று முடிவாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்தார்கள். எங்களுக்கு அதில் பட்ட அடி ஒன்றே ஒன்றுதான். நாங்கள் ஆடுவது சித்தூர் ஜில்லாப் போட்டி. ஜில்லாவில் குடியிருப்பவன்தான் ஆடலாம். கேப்டன் ஒருநாள் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்த வருஷம் நான் வேற ஜில்லாடா, வேற ஸ்டேட்டு. கப்பு அடிக்கறதுன்னா இந்த வருஷமே அடிச்சிடணும்." நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த டீமை ஆரம்பித்ததே அவர்தான். ஜில்லாக் கப்பை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அந்த வருஷம் முதல் பாதி ஆட்டமெல்லாம் எங்கள் ஊரில். தறிச் சத்தம் ஓய்ந்ததும் சனம் மொத்தமும் மைதானத்துக்கு வந்துவிடும். தகரம் தட்டுகிறவன், மேளம் அடிக்கிறவன், பாத்திரமும் கரண்டியுமாக வருகிற பெண்கள் என்று காது பிளக்கும். அத்தனை இரைச்சலிலும் கேப்டன் குரல் எங்களுக்கு மட்டும் கேட்கும். பழகிய காது. வந்தவர்களையெல்லாம் தோற்கடித்து அனுப்பினோம். கப்பை எந்தக் கோயிலில் வைத்துப் பூஜை போடுவது என்றுகூடப் பேச்சு நடந்தது.

அதன் பிறகுதான் வெளியூர் ஆட்டங்கள் வந்தன, எங்கள் கொழுப்பும் இறங்கியது. சித்தூரில் முதல் தோல்வி. ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் ஒரு கூடை பங்காருபாளையம் மாம்பழம் கொடுத்து உபசரித்ததை நாங்கள் மறுக்காமல் சாப்பிட்டதுதான் காரணம் என்று பழத்தின் மேல் பழியைப் போட்டோம். அடுத்த ஆட்டமும் அதே சித்தூரில், வேறொரு டீமோடு. மாம்பழத்தைத் தொடவில்லை. அப்படியும் தோற்றோம். மைதானத்தில் சரளைக்கல் என்றோம். மூன்றாவது திருப்பதியில். அங்கே கல்லும் இல்லை, பழமும் இல்லை, பச்சைப் புல். அங்கேதான் ரொம்ப மோசமாகத் தோற்றோம். நான் ஓடிப் போய் நிற்கிற இடத்திலெல்லாம் அவர்களுடைய ரைட் பேக், அந்தப் பக்கம் தடுத்து ஆடுகிற சுருட்டை முடிக்காரர் ஒருவர், எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். பந்து அவர் காலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. செய்வினை ஏதாவது இருக்குமோ என்றுகூட எங்கள் கோல்கீப்பர் சந்தேகப்பட்டான்.

ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சுருட்டை முடிக்காரர் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் நேராக வந்து கேப்டன் எதிரில் உட்கார்ந்து, "இன்னாண்ணா, கோவமா கீறயா?" என்றார்.

எங்கள் கோல்கீப்பருக்குப் புரையேறியது. கேப்டன் வாயில் வைத்த இட்லி வாயிலேயே நின்றது. "நீ... தமிழா?" என்றார்.

"எங்க அம்மா வூடு சத்தியவேடுண்ணா. வூட்ல தமிழுதான். எங்க கோல்கீப்பரு வேலூர்ல படிச்சவன். பாக்கி பசங்களுக்கும் பேச வராதே ஒழிய, சொன்னா எல்லாம் புரியும். நீ லெஃப்டுன்னு கத்தறே, நான் லெஃப்ட்ல போயி நின்னுக்கறேன். உன் தொண்டை இருக்கே, கோபுரத்துல மைக் கட்னா மாதிரி! எங்க கேப்டனுக்கு வேலையே இல்ல இன்னிக்கி" என்று சிரித்தார். கிண்டலில்லாத சிரிப்பு. போகும்போது எங்களுக்கெல்லாம் காபி சொல்லிவிட்டுப் போனார்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. எங்கள் ஊர் இரைச்சலில் எங்களுக்கு மட்டும் கேட்ட குரல், சித்தூரிலும் திருப்பதியிலும் எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. நாங்கள் எப்படிப்பட்டவர்கள்? சந்தையில் தெலுங்கில் பேரம் பேசி, வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போடுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னது ஒரு பாஷையில், பக்கத்துப் பையனைத் திட்டியது இன்னொரு பாஷையில். எங்கள் தெருவில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். நமக்குத் தெலுங்கு வரும்போது அவர்களுக்குத் தமிழ் வராதா என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அந்த வருஷங்களில் பேப்பரிலும் மேடையிலும் இந்தப் பக்கம் தெலுங்கு, அந்தப் பக்கம் தமிழ் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, திருப்பதிக்காரன் என்றால் தமிழ் தெரியாதவன் என்று நாங்களும் நம்பிவிட்டோம். நிலத்தில் கோடு போட அதிகாரிகள் வருவதற்கு முன்பே எங்கள் மண்டைக்குள் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். அந்த மூன்று தோல்வியும் வேண்டியதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதல் பாதியில் சேர்த்து வைத்த வெற்றிகளால் எப்படியோ கடைசி நான்கு டீம்களில் ஒட்டிக்கொண்டோம். செமி ஃபைனலுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தெலுங்கில் கத்தலாம் என்றான் ஒருவன். அது அவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இங்கிலீஷில் கத்தலாம் என்றான் இன்னொருவன். எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கோலும் அவுட்டும் லெஃப்டும் ரைட்டும்தான். எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லலாம், லெஃப்டுக்கு ரைட்டு என்று சொல்லலாம் என்றேன் நான். கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேரா சொன்னாலே உங்களுக்குப் புரியறதுக்குள்ள பந்து அவுட்டு போய்டுது. மாத்தி சொன்னா எவன் எந்த ஊருக்கு ஓடுவானோ." பிறகு சட்டைப் பையில் எதையோ துழாவினார். முந்தின நாள் யாருடைய நிச்சயதார்த்தத்திலோ கொடுத்த பாக்கு இரண்டு மூன்று கிடந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். புத்தூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மனிதர் உடைந்துவிட்டார் என்றே பயந்துவிட்டோம். புத்தூரில் பஸ் நின்றதும் பாக்கைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னார்: "இது வாயில இருந்தா கத்த முடியலடா. நாளைலேர்ந்து எல்லாருக்கும் ஒண்ணு."

மறுநாள் பயிற்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரே பந்துக்கு இரண்டு பேர் ஓடி மண்டையை இடித்துக்கொண்டார்கள். நான் யாருமே பந்து தராத மூலைக்கு ஓடி நின்று தவம் கிடந்தேன். ஒருவன் ஆட்ட மும்முரத்தில் பாக்கைக் கடித்து மென்று விழுங்கிவிட, பாக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வியர்த்து வழிய நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து விசிறிவிட வேண்டியதாயிற்று. அப்போதுதான் எங்கள் வண்டவாளம் எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் இத்தனை நாளும் காதால் ஆடிக்கொண்டிருந்தோம். தறியில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் நூலையே பார்த்துப் பழகியவர்கள், மைதானத்திலும் காலடியில் இருக்கிற பந்தையே பார்த்தோம். மிச்சத்தைக் கேப்டன் பார்த்துச் சொல்வார். வாய் மூடியதும் தலை தானாக நிமிர்ந்தது. மூன்றாம் நாள், கேப்டன் புருவத்தைத் தூக்கினால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தாறு நாளில் அவர் முதுகைப் பார்த்தே தெரிந்தது.

செமி ஃபைனல் சித்தூரில், எங்களை முதலில் தோற்கடித்த மாம்பழ டீமோடு. சத்தமில்லாமல் ஆடி, ஒரு கோலில் ஜெயித்து வந்தோம். ஃபைனல் திருப்பதியில், திருப்பதி டீமோடு. இதுதான் கடைசி ஆட்டம், இதை விட்டால் கேப்டனுக்குக் கப்பு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, வாயில் பாக்கு.

ஆட்டம் தொடங்கியதும் சுருட்டை முடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் ஓடி வரும்போதே, "ஏம்பா, உங்க கேப்டனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். முதல் கோல் நாங்கள் போட்டோம். ஆனால் அவர் சாமர்த்தியசாலி. இரண்டாம் பாதிக்குள் எங்கள் புருவத்தையும் முதுகையும் படிக்கக் கற்றுக்கொண்டார். அவர்களும் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள். சுற்றிலும் 'கொட்டரா, கொட்டரா', அதாவது அடிடா என்று திருப்பதி சனம் கத்துகிறது. ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அப்போது கேப்டன் காலுக்குப் பந்து வந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சுருட்டை முடிக்காரரும் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்ந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அடுத்த நொடி கேப்டன் பாக்கைத் துப்பிவிட்டு, திருமலை வரை கேட்கும்படி கத்தினார்: "லெஃப்ட்ல குடுக்கறேன், ஓட்றா!"

சுருட்டை முடிக்காரர் அப்படியே நின்றார். இத்தனை நேரம் மூச்சு விடாத மனுஷன் இப்போது லெஃப்டு என்று கத்தினால் அது கண்டிப்பாக ஏமாற்று வேலை என்று அவர் மூளை சொல்லியிருக்க வேண்டும். விருட்டென்று நடுவுக்குப் பாய்ந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். பந்து என் காலில் வந்து விழுந்தது. எதிரில் கோல்கீப்பரைத் தவிர ஆளில்லை. உதைத்தேன்.

கப்போடு பஸ்ஸில் வரும்போது, "பாக்கைத் துப்பினது பிளானாண்ணா?" என்று கேட்டேன். கப்பை மடியில் பச்சைக் குழந்தை மாதிரி வைத்திருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "பிளானாவது ஒண்ணாவது. அடக்க முடியலடா. இனிமே உங்களை எங்க நின்னு கூப்புடப் போறேன்னு தோணுச்சி, வாய் தானா திறந்துக்கிச்சி." நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வருஷம் அவர் ஊர் மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. ஆனால் சைக்கிளுக்கு யார் கோடு போட முடியும்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து வேலியோரம் நின்று எங்கள் திட்டத்தையெல்லாம் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். கடைசியில் மைதானத்து வாசலிலேயே அவர் கையில் ஒரு பாக்கைக் கொடுத்து உள்ளே விட வேண்டியிருந்தது.

போன மாதம் அவர் பேத்திக்குக் கல்யாணம், பள்ளிப்பட்டில். இப்போது நடக்கக் கோல் வேண்டியிருக்கிறது அவருக்கு. தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபைனலுக்குப் பிறகு எங்களுக்குச் சிநேகிதராகிவிட்ட அந்தச் சுருட்டை முடிக்காரரும் திருப்பதியிலிருந்து வந்திருந்தார், இப்போது தலையில் ஒரு முடி இல்லை. நானும் அவரும் வழக்கம்போலப் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டோம். பந்தி தொடங்கியது. கூட்டம் முண்டியடித்தது. பந்தலின் அந்தக் கோடியிலிருந்து கேப்டன் கோலைத் தூக்கிக் கத்தினார்: "லெஃப்ட்ல வாங்கடா! இங்க எலை காலியா கீது!"

சுருட்டை முடிக்காரர் பாக்கை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்பா, நம்பலாமா?" என்றார். அன்று நம்பாமல் பட்டும் புத்தி வரவில்லை, பதிலுக்குக் காத்திராமல் வலப்பக்கமே போனார். நான் தலையைக் குனிந்துகொண்டு இடப்பக்கம் போனேன். கேப்டன் பக்கத்தில் இலை காலியாகத்தான் இருந்தது.