கிளட்ச் பிளேட்டுக்கு வைத்த பொட்டு

என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டு வாசலிலேயே நானே புது கிளட்ச் மாட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை.

இன்று காலை மனைவி கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கியர் விழவே இல்லை.

"பழம் அப்படியே இருக்குதுங்க" என்றாள்.

கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன். கிளட்ச் பிளேட்டைப் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கிறார்கள். அந்த எழுத்தின் மேல்தான் பயபக்தியோடு சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தேன்.

வண்டிக்கடியில் படுத்திருந்த என்னிடம் ஒரு டம்ளர் நீண்டது. எலுமிச்சை ஜூஸ்.

"சக்கரம்தான் ஏறலையே, கழுவித்தான் போட்டேன். குடிங்க."

அடுத்த ஞாயிறு பொட்டை எந்தப் பக்கம் வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லவும்.