இடது கால் செருப்பு

பேச்சியம்மாள் இறந்துவிட்டாள் என்ற செய்தியைப் பால்காரர் கொண்டுவந்தார். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து அவள் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். செம்பைக் கையில் பிடித்தபடியே நான் கணக்குப் போட்டேன், என் வீட்டுக்காரர் போன பிறகு இவள் எத்தனை காலம் இருந்தாள் என்று. ஏழு வருடம், நாலு மாதம். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

பல்கலைக்கழக விடுதியில் சமையல் வேலை பார்த்த அவள் கையால் சாப்பிட்ட நீங்கள் எல்லாரும், இந்த நினைவு மலரில் அவள் வைக்கும் குழம்பைப் பற்றி எழுதுவீர்கள். நான் அதைச் சாப்பிட்டதில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அவளை எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இடது உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று இருந்தது. ஆனையூரில் எங்கள் வயலில் வெறுங்காலோடு நடந்தவர். ஆணி என்று நினைத்து பிளேடால் சீவிக்கொண்டே இருந்தார். பேச்சிக்கு வலது காலில் இருந்தது. அடுப்புக் கங்கு பட்ட தழும்பு என்று அவள் விட்டுவிட்டாள். இருவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. தோலில் வருகிற புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள். இருவருக்கும் பாதத்தில் பாதியை எடுத்தும் நெறி அடங்கவில்லை.

அப்போதுதான் அங்கிருந்த டாக்டர் ஒரு புது ஊசியைப் பற்றிச் சொன்னார். காசநோய்க்குப் போடும் தடுப்பு மருந்தையே தொடையில் போட்டு உடம்பை உசுப்பிவிட்டால், அது இந்த நோயையும் சேர்த்து அடிக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம்.

"சோதனைதாம்மா. பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். "ஊசி போட்ட எடம் கொப்புளிச்சுப் புண்ணாகும். அதுக்குப் பயந்து நின்னுறக் கூடாது. புதங்கிழமை தவறாம வரணும்."

எட்டுப் பேர் சம்மதித்துக் கைநாட்டு வைத்தார்கள். அதில் இவரும் ஒருவர், பேச்சியும் ஒருத்தி.

முதல் புதன்கிழமை ஊசிக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் தன் காலில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி தன் கட்டுப் போட்ட காலை இவர் காலுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"அண்ணே, ஒங்களுக்கு எடது போச்சு, எனக்கு வலது போச்சு. ஆளுக்கு ஒரு ஜோடி எதுக்கு? ஒண்ணு வாங்கிப் பிரிச்சுக்குவமா?"

இவர் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினான்கு வருடம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். எனக்காக ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. "மதினி மொறைக்குது, அண்ணே" என்றாள் பேச்சி. அவளுக்கு அவர் அண்ணன், அதனால் நான் மதினியாம். யாரைக் கேட்டு முறை வைத்தாள் என்று எனக்குள் எரிந்தது.

அடுத்த புதன்கிழமை இவர் ஆஸ்பத்திரி வாசலில் டயர் செருப்பு ஒரு ஜோடி வாங்கினார். வலதைத் தான் போட்டுக்கொண்டு, இடதை அவளிடம் கொடுத்தார். எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தரக்கூட கடைவாசலில் நிற்காத மனுஷன்.

மூன்றாவது வாரம் இவர் தொடையில் முத்து முத்தாகக் கொப்புளம் எழும்பியது. காய்ச்சலும் வந்தது. டாக்டர் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் அதைப் பார்த்த கண்ணுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் பட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். அம்மை இறங்கி மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியே அனுப்பக் கூடாது என்று இவரைப் படுக்க வைத்தேன். புதன்கிழமை போய்விட்டது.

மறுநாள் பேச்சி இரண்டு பஸ் மாறி வந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, வேப்பிலையைப் பார்த்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"மதினி, இது ஆத்தா இல்ல, ஊசிப் புண்ணு. எனக்கும் இருக்கு, பாருங்க." தெருவென்றும் பார்க்காமல் சேலையை ஒதுக்கித் தொடையைக் காட்டினாள். அதே கொப்புளம், அதே சிவப்பு. "எங்க வீட்லயும் இதே கூத்துத்தான். நான் கேக்கல, போயிட்டு வந்துட்டேன். அண்ணன அனுப்புங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

உள்ளேயிருந்து இவர், "தாயி, நீ வந்திட்டியா?" என்றார். அந்தக் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன். டாக்டர் ஆள் அனுப்பியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன். அவள் சொன்னாள் என்பதால் கேட்கவில்லை. "ஆத்தா இருக்க வீடு. வெளியாளு நிக்கக் கூடாது, கெளம்பு" என்றேன். அவள் கம்பை மாற்றி ஊன்றினாள். "சரி மதினி, வாரேன்" என்று திரும்பி நடந்தாள்.

மூன்று தண்ணீர் ஊற்றி முடித்து நாங்கள் போனபோது டாக்டர் தலையை ஆட்டினார். "மூணு வாரம் விட்டாச்சேம்மா. இனி இந்தச் சோதனையில சேக்க முடியாது." தை பிறப்பதற்குள் இவர் போய்விட்டார். கருமாதி முடிந்த அன்று அந்த வலது செருப்பை வாய்க்காலில் எறிந்தேன். ஜோடி இல்லாமல் போகட்டும் என்றுதான் எறிந்தேன்.

அவள் இருந்தாள். நெறி கரைந்தது என்றார்கள். வருடா வருடம் இவர் திவசத்துக்கு அந்த இடது செருப்போடு வருவாள். வாசலில் அதைக் கழற்றிவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போவாள். நான் பரிமாறுவேன், முகம் கொடுக்க மாட்டேன்.

போன வருடம் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் அனுப்பியிருந்தா அவரும் ஒன்ன மாதிரி இருந்திருப்பாருல்ல?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "புதங்கிழமை தவறாம வந்த மத்த ஆறு பேரும் ரெண்டு வருசத்துல போயிட்டாங்க, மதினி. எனக்கு ஊசி கேட்டுச்சா, தானா நின்னுச்சான்னு டாக்டருக்கே தெரியல. ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" பிறகு இலையைத் தட்டினாள். "ரசம் ஊத்துங்க. இம்புட்டு நாளா இதத்தான் நெஞ்சுல வச்சிருந்தீகளா?"

அந்தப் பெரிய மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நோய் திரும்பி நுரையீரலுக்குப் போயிருந்ததை அப்போது அவள் சொல்லவில்லை.

கேதம் விசாரிக்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். "அத்தை, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டுப் போச்சு. ஜோடி ஒங்க வீட்லதான் இருக்காம்."

வாய்க்காலில் எறிந்ததை அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இப்போது நான் மட்டும்தான். அந்தச் செருப்பைப் பரணில் போடவில்லை, வாசலிலேயே விட்டிருக்கிறேன். குதிகால் பக்கம் நூலாகத் தேய்ந்திருக்கிறது. பார்க்கும்போதெல்லாம், இவ்வளவு தேய்கிற அளவுக்கு நடந்தாளே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. என் நாத்தனாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒற்றைச் செருப்புதான். வேறு யாரையும் அதைத் தொட விடுவதில்லை.