இதழ் வளைந்த அச்சு

எதிர்வீட்டு டீச்சர் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார். கஞ்சி போட்ட சேலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் மூடிய ஒரு தட்டு.

கிறிஸ்துமஸுக்கு முன் என் மாமியாரின் வெண்கல அச்சை அச்சு முறுக்கு சுட வாங்கிப் போனார். பூவைப் போன்ற அந்த அச்சில் ஓர் இதழ் மட்டும் உள்ளே வளைந்திருக்கும். செய்தித்தாளில் சுற்றித் திருப்பித் தந்தபோது கூடவே முந்திரிக்கொத்தும் தந்தார். பலகாரத்தைப் பார்த்த நான் அச்சைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டேன். மாவு கழன்று விழவே இல்லை. உற்றுப் பார்த்தேன். எல்லா இதழ்களும் நேராக இருந்தன.

“டீச்சர், அச்சு மாறிப் போச்சா?”

“மாறிப் போச்சாவா? நீங்க தந்ததுதாம்லா அது. எண்ணெய் சரியா காஞ்சிருக்காது,” என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பண்டிகையன்று அவர் வீட்டிலிருந்து தட்டு நிறைய அச்சு முறுக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் இதழ் உள்ளே வளைந்திருந்தது. மறந்துபோய் அனுப்பினாரா, துணிந்தே அனுப்பினாரா, இன்றும் விளங்கவில்லை.

தட்டை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

“முறுக்கு நல்லா வந்திருந்துதுல்லா?” என்று கேட்டார்.